பெரிய தொப்பிக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலி

வாங்க அம்மிணி, வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க. என்னது, டிவி கணக்கெடுப்பா? எந்த ஊட்டுல என்ன நிகழ்ச்சி பாக்கறாங்கன்னு எழுதிட்டுப் போறதா? நல்ல சோலி போங்க. சரி, எழுதிக்குங்க. பேரு நாச்சிமுத்து. மேக்காலத் தோட்டம். டிவி பாக்கறதில்ல.

ஆமாங்க, பாக்கறதே இல்ல. எதுக்குச் சிரிக்கறீங்க? ஓ, எதுத்தாப்புல ஓடிட்டிருக்குதேன்னா? அது சும்மா ஓடுதுங்க. வெளம்பரந்தான். ரெண்டு மணிக்கு ஒண்ணு வரும். அதுக்கு முன்னாலயே போட்டு வெச்சாத்தான் பொட்டி சூடாகிப் படம் தெளிவா வருமுங்க. மத்தபடி இந்தச் சனியனுக்கும் எனக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. என்ற ஊட்டுக்காரி பாவாத்தாள் நாடகம் பாத்தாலே கத்தற ஆளு நானு. ஒருத்தி ஒரு சொம்புத் தண்ணி குடிக்கோணும்னா அதுல ஒரு வாரம் ஓட்டுவானுக. குடிச்சுத் தொலைடீன்னு கத்துவேன். ஊரே சொல்லும், நாச்சிமுத்து ஊட்டுல டிவி இருக்குது, ஆனா அதுக்கு மரியாதை இல்லன்னு.

இந்தக் காலைப் பாருங்க, லேசா இழுக்குது தெரியுதுங்களா? எல்லா வெனையும் இதுல ஆரம்பிச்சதுதான். ஆடிக் காத்துல மாட்டுக் கட்டுத்தரைத் தகரம் பறந்துருமோன்னு மேல ஏறுனேன். தகரம் அங்கயே இருந்துச்சு, நான் பறந்துட்டேன். மாவுக்கட்டுப் போட்டு, எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. இதே எடத்துல கட்டலைப் போட்டுப் படுத்துக் கெடந்தேன். மாடு கண்ணு கண்ணுக்குத் தெரியாது, ஒரு மனுசன் மொகம் தெரியாது, நெம்ப வெசனமாப் போச்சு. பாவாத்தா பாத்தா. டிவியைப் போட்டு உட்டுப்போட்டு, ரிமோட்டைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டுப் பால் சொசைட்டிக்குப் போயிட்டா. மறந்து வெச்சுட்டாளாம். அவ எப்பவுமே அப்படித்தான், வெவரம் பத்தாது.

சேனலை மாத்தவும் முடியல, நிறுத்தவும் முடியல. பாக்கறேன், வெள்ளைக்காரனுக குதிரை மேல போறானுக. தமிழ்ல பேச்சுக் குடுத்திருக்காங்க. எனக்கென்ன வந்துச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அப்பத்தான் மாடு கத்தற சத்தம் கேட்டுச்சு. அம்மிணி, நாங்க காங்கயத்துக்காரங்க. மாடு கத்துனா எங்களுக்குக் கண்ணு தானாத் தொறந்துக்கும். தொறந்தா, அட சாமி, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் மாடு! காஞ்ச பூமி, முள்ளு, கம்பி வேலி. எங்க கொரங்காட்டு மேய்ச்சல் நெலத்தை அப்படியே பேத்து வெச்ச மாதிரி இருக்குது. கள்ளிச்செடி கூட இருந்துச்சுங்க.

அதுல முன்னால போற காளை ஒரு காலை நொண்டுது. ஒருத்தன் கண்ணுலயும் படல. நான் படுத்த எடத்துல இருந்து கத்தறேன், 'ஏய், அந்தக் காளைக் காலைப் பாருங்கடா, குருட்டுப் பசங்களா!' சொன்னா நம்ப மாட்டீங்க, ஒருத்தருக்குக் கேட்டுருச்சு. பெரிய தொப்பி, நரைச்ச மீசை. குதிரையை நிறுத்துனாரு. எறங்குனாரு. காளை காலைத் தூக்கி மடியில வெச்சு, குளம்புல இருந்து கல்லை எடுத்து வீசிப்போட்டு, ஒரு வார்த்தை பேசாம மறுபடி ஏறிப் போனாரு. அப்பவே சொல்லிட்டேன், இவரு நம்மாளு. பேரு ஆமோஸு.

அதுக்கப்பறம் தெனமும் ரெண்டு மணிக்கு நான் டிவி பாக்கலீங்க, அவரைப் பாத்தேன். அது வேற, இது வேற.

அதுல பேச்சே கம்மி. ஆனா பேசுனா நறுக்குன்னு இருக்கும். ஒருத்தன் வந்து, 'மழை வருமா?'ன்னு கேக்கறான். இவரு வானத்தைப் பாத்தாரு, மண்ணைப் பாத்தாரு, குதிரையைத் தடவிக் குடுத்தாரு. அப்பறம் சொன்னாரு, 'வந்தா நனைவோம்.' அவ்வளவுதான். வந்தா நனைவோம்! நான் நாள் முச்சூடும் அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன். எவன் எழுதுனானோ அவனுக்கு மோதரம் போடோணுமுங்க.

கட்டுப் பிரிச்ச பொறவு நானும் பேச்சைக் குறைச்சுப்போட்டேன். தலையில இருக்கற உருமாலைக் கட்டைக் கண்ணு வரைக்கும் எறக்கிக் கட்டிக்கறது. மொபெட்ல இருந்து எறங்குனா அதோட சீட்டை ஒரு தட்டுத் தட்டிக் குடுக்கறது. மாட்டுத் தரகர் வந்து கண்ணுக்குட்டியைக் குடுக்கறீங்களான்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பேசாம அவரு கண்ணையே பாத்தேன். பாத்துட்டே இருந்தேன். அவரு காப்பி கூடக் குடிக்காமக் கெளம்பிப் போய், நாச்சிமுத்து அண்ணனுக்குத் தலையிலயும் அடி பட்டிருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாரு. கலை தெரியாத ஆளுக, உடுங்க.

அந்த ஆமோஸுக்கு ஒரு பக்கத்துக் காட்டுக்காரன், பேரு சைலஸு. ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை கெடையாது. என்ன காரணங்கறீங்க? சந்தையில இவரு வந்தப்போ அவன் தொப்பியைக் கழட்டல. அந்த ஊரு மரியாதை அதுங்க, பெரியவங்களைப் பாத்தாத் தொப்பியைக் கழட்டோணும். அவன் பாவம், ரெண்டு கையிலயும் ஆணிப் பொட்டியைத் தூக்கிட்டு நிக்கறான், எப்படிக் கழட்டுவான்? இது ஒரு விசயமா? இதுக்குப் போய் வருசக்கணக்கா மூஞ்சியத் திருப்பிக்கறதா? ஆமோஸு மேல எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இந்த ஒண்ணுல அவரு செஞ்சது தப்பு. வெறும் மண்டைக்கனம். எனக்கு இந்த மாதிரி ரோசக்காரங்களைக் கண்டாலே ஆகாது.

என்ற மக தாரணி இருக்கறாளே, அவ ஒரு நாளு சொல்றா, 'அப்பா, இது நீங்களும் மாமாவும் மாதிரியே இருக்குது.' அடிக்கக் கை ஓங்கிட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன கண்ணு சம்மந்தம்? அது தொப்பி.

இது என்னன்னு கேளுங்க. பாவாத்தாளுக்கு அண்ணன் ஒருத்தரு, அர்த்தநாரின்னு, பக்கத்து ஊரு. அந்தாளு புது ஊடு கட்டிப் பால் காச்சுனப்போ நான் குடும்பத்தோட போனேன். வாசல்ல நிக்கறேன். அந்தாளு மைக்செட்டுக்காரன்கிட்ட ஒயரைப் புடிச்சு என்னமோ சத்தம் போட்டுட்டு இருந்தாரு. என்னை நேரா பாத்தாரு. பாத்துப்போட்டு, 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஒயரைப் பாக்கத் திரும்பிட்டாரு. பொண்ணு குடுத்த ஊட்டுல, மாப்பிள்ளையை, வாங்கன்னு கேக்கல! பந்தியில உக்காராம அப்படியே திரும்பி வந்துட்டேன். தாரணி அப்பப் பள்ளிக்கொடத்துல படிச்சுட்டிருந்தா. இப்பக் கண்ணாலத்துக்கு நிக்கறா. அவரு இந்த வாசலை மிதிச்சதில்ல, நான் அந்த வாசலை மிதிச்சதில்ல. வாயைத் தொறந்து வாங்கன்னு சொல்றதுக்கு என்னங்க செலவு? நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, வந்ததும் வாய் நெறைய வாங்கன்னு சொன்னேனா இல்லையா? அதுதான் மனுசத்தனம்.

இந்தச் சமயத்துலதான் தாரணிக்கு நல்ல எடம் அமைஞ்சுது. பையனுக்கும் புடிச்சுது, இவளுக்கும் புடிச்சுது. எங்க பக்கத்துக் கண்ணாலத்துல தாய்மாமன் வந்து பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணுமுங்க. அது இல்லாம முடியாது. வேற யாரையாச்சும் நிறுத்திக் கட்டிக்கலாம்னு சொன்னேன். தாரணி நிமுந்து பாத்துச் சொல்லிப்போட்டா, 'மாமா கட்டலைன்னா எனக்குக் கண்ணாலமே வேண்டாம்ப்பா.' அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல எனக்கு. ஒரே மக அம்மிணி. அவ கண்ணுல தண்ணி வந்தா எனக்குத் தாங்காது. ஆனா நான் போய் அந்தாளு வாசல்ல நிக்கறதா? மறுபடியும் ஒயரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாருன்னா?

அந்த வாரந்தான் ஆமோஸு செத்தாரு.

அந்த சைலஸோட மாட்டைத் திருட்டுப் பசங்க ஓட்டிட்டுப் போறானுக. பேசாத ஆளோட மாடுதான, நமக்கென்னன்னு இவரு இருந்திருக்கலாமில்லீங்க? இருக்கலையே. ஒத்தை ஆளாப் போனாரு. மாட்டை மீட்டுட்டாரு, குண்டடி பட்டுட்டாரு. பொதைக்கற எடத்துக்கு சைலஸு வந்தான். தூரத்துலயே நின்னான். அப்பறம் மெல்ல வந்து, தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம்! 'இப்பக் கழட்டி என்னடா பண்றது, ஈரவெங்காயம்! உசுரோட இருக்கறப்பக் கழட்டியிருந்தா என்னடா?'ன்னு கத்திட்டு, ஓன்னு அழுதுட்டேன். பாவாத்தா சமையக்கட்டுக் கதவு நெலையில சாஞ்சு நின்னுட்டு, 'ஆமாங்க, உசுரோட இருக்கறப்பவே செஞ்சுரோணுமுங்க'ன்னு என்னையே பாத்துச் சொன்னா. அவளுக்கும் ஆமோஸுன்னா உசுரு போல, அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டேன். மனசு ஆறல. போன வருசம் ரேக்ளாக் காளை ஒண்ணு செத்ததுக்கு பஸ் ஸ்டாண்டு முச்சூடும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டுனாங்க. காளைக்கே கட்டறப்போ, காளை கால்ல கல்லெடுத்த மனுசனுக்குக் கட்டக் கூடாதுங்களா? ஊடே சிரிக்கும்னு நெனச்சேன். பாவாத்தா சிரிக்கல. 'நல்ல ரோசனைங்க'ன்னு சொல்லி, தாரணியோட ஃபோன்ல டிவியைப் படம் புடிச்சுக்கிட்டு, அவளே போய் அடிக்கக் குடுத்துட்டு வந்தா. பாவம், வெவரம் பத்தாது. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அதுல பூந்து வெளையாடிட்டான். 'எங்கள் குடும்பத்தின் குலவிளக்கு அணைந்ததே'ன்னு போட்டு, கீழ என்ற பேரு, ஊரு, தோட்டம் எல்லாம் போட்டிருக்கான். ஒண்ணு அடிக்கச் சொன்னா ரெண்டு அடிச்சிருக்கான். ஒண்ணு எங்க வாசக் கேட்டுல ரெண்டு மூங்கில் நட்டுக் கட்டியாச்சு. இன்னொண்ணைக் கூலியாளு எடம் தெரியாம, கொண்டுபோய் அர்த்தநாரி ஊரு பஸ் ஸ்டாப்புல கட்டிப்போட்டான். எப்பேர்ப்பட்ட மடையன் பாருங்க.

பொழுது விடிஞ்சுது. பால் சொசைட்டித் தலைவர் மாலையோட நிக்கறாரு. பின்னால ஊரே நிக்குது. ஒருத்தராச்சும், இந்தத் தொப்பிக்காரரு யாரு, வெள்ளைக்காரரு மாதிரி இருக்காரேன்னு கேக்கோணுமே? கேக்கல. எழவு ஊட்டுல அதெல்லாம் கேக்கறது மரியாதை இல்லீங்களே. பாவாத்தாளுக்கு மலேயாவுக்குப் போன பெரியப்பன் ஒருத்தரு இருந்தாரு, அவருதான்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க.

'ஒடம்புக்கு என்னங்க?'ன்னாரு தலைவர்.

'ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. மாட்டுத் திருடனுக சுட்டுப்போட்டானுக.'

'அடப் பாவிகளா. மாடு கெடைச்சுதுங்களா?'

'கெடைச்சுருச்சுங்க.'

'அது போதும். அந்த ஆத்துமா சாந்தியாயிரும்.'

எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். ஒரு பெரியம்மா பேரைக் கேட்டுக்கிட்டு, 'ஆமோஸு ராசா'ன்னு ஒப்பாரியே எடுத்துருச்சு. நல்லாத்தான் பாடுச்சு. நானும் அழுதேன்.

அப்பத்தாங்க வண்டி வந்து நின்னுது. அர்த்தநாரி.

ஊரே மூச்சை அடக்கிட்டுப் பாக்குது. நான் வாங்கன்னு சொல்லோணுமா, வேண்டாமா? அப்பத்தான் ஒறைச்சுது: எழவு ஊட்டுல வாங்கன்னு யாரையும் கேக்கக் கூடாது. அதானுங்க மொறை. வர்றவங்களும் எதிர்பாக்க மாட்டாங்க. நான் கையைக் கட்டிட்டு நின்னேன். அவரு நேரா ஃப்ளெக்ஸ் முன்னால போனாரு. அந்த மொகத்தையே பாத்தாரு. அப்பறம் தலையில இருந்த உருமாலையைக் கழட்டி நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டாரு.

அம்மிணி, எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. வந்த அத்தனை சனத்துலயும் செத்தது யாருன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான்!

பக்கத்துல வந்து உக்காந்தாரு. அப்பறம் மெதுவாக் கேட்டாரு, 'மாப்ள, அந்தச் செவலைக் குதிரையை இனி யாரு பாத்துக்குவாங்க?' 'அதேதாங்க மச்சான் நானும் நெனச்சுட்டிருக்கறேன்'னேன். பாவாத்தா தூணைக் கட்டிக்கிட்டு அழுவறா, அப்படி அழுவறா. மலேயாப் பெரியப்பன் மேல இத்தனை பாசமான்னு பொம்பளைக பேசிக்கிட்டாங்க.

அவரு எப்படி இதைப் பாக்க ஆரம்பிச்சாருங்கறீங்க? அதுவும் அதிசயந்தான். ஒரு நாளு பாவாத்தா அண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தப்போ டிவியைப் போட்டு உட்டுட்டு, ரிமோட்டை எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டாளாம். அவருக்கு அன்னைக்கு இடுப்புப் புடிப்பு, எந்திரிக்க முடியல. ரெண்டு ஊட்டுலயும் ரிமோட்டைத் தொலைச்சுட்டா பாருங்க. இவளையெல்லாம் வெச்சுக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்தறேனோ.

ஆமோஸு போனாலும் கதை நிக்கலீங்க, அன்னையில இருந்து மச்சான் தெனமும் ரெண்டு மணிக்கு வந்துருவாரு. வந்து பேசாம உக்காருவாரு, கதை முடிஞ்சா பேசாம எந்திரிச்சுப் போயிருவாரு. கேட்டுல ஃப்ளெக்ஸ் இருக்கற வரைக்கும் இது எழவு ஊடுதானுங்க. நான் வாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல, அவரும் போயிட்டு வர்றேன்னு சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு பேரு மரியாதைக்கும் கொறைவில்ல. அதனால நான் அதை அவுக்கவே இல்ல. வெயில்ல வெளுத்து மொகமே போயிருச்சு, தொப்பியும் மீசையும்தான் மிச்சம். இருந்தாலும் துக்கம் துக்கந்தான?

கண்ணாலத்தைப் பத்தி அவருகிட்டப் பேசுனீங்களான்னா, இல்ல. எழவு ஊட்டுல நல்ல காரியம் பேசுவாங்களா?

இன்னைக்குத்தாங்க மாட்டிக்கிட்டேன். நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க உப்புச் சக்கரை மாத்த வர்றாங்க. நிச்சயம் மாதிரின்னு வெச்சுக்குங்க. வாசல்ல கண்ணீர் அஞ்சலியோட சம்மந்திகளை வரச் சொல்ல முடியுமா? காத்தால நான் பல்லு வெளக்கிட்டு வர்றதுக்குள்ள பாவாத்தா அதை அவுத்துச் சுருட்டி வைக்கப்போருல சொருகிட்டா. கோலமும் போட்டுட்டா. அதுவுமில்லாம, கதையும் இன்னைக்கோட முடியுதுங்க. கடைசி நாளு. நாளையில இருந்து அவரு எதுக்கு வருவாரு? அதைச் சொல்லுங்க முதல்ல. அந்த நிகழ்ச்சியைத் திருப்பி ஆரம்பத்துல இருந்து போடச் சொல்லி உங்க ஆளுகளுக்கு எழுத முடியுங்களா? கண்ணாலம் முடியற வரைக்கும் போட்டாப் போதும்.

கேக்குதுங்களா? அவரு வண்டிதான். பாவா! ஏ பாவா, உங்கண்ணன் வர்றாரு, போய் வாங்கன்னு கேளு! இவ எங்க போனா? சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. தாரணி! அவளும் உள்ளயா? அம்மிணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். சும்மா வாங்கன்னு. என்னது, நீங்களே விருந்தாளியா? அதுவும் நாயந்தான்.

கேட்டு முன்னால நின்னுட்டாரு. வெறும் மூங்கிலைப் பாக்கறாரு. கோலத்தைப் பாக்கறாரு. இப்ப என்னைப் பாக்கறாரு. நேரா பாக்கறாரு அம்மிணி. அன்னைக்கு நான் அவரு வாசல்ல நின்ன மாதிரியே நிக்கறாரு. இவன் சொல்றானான்னு பாக்கறாரு. உருமாலையை அவுக்கறாரா? இல்ல, இறுக்கிக் கட்டறாரு. வண்டியைத் திருப்பறாரு. கெளம்பறாரு அம்மிணி, போயிருவாரு, என்ற மக நெத்தி வெறும் நெத்தியாப் போயிரும்.

மச்சான்! மச்சோவ்!

வாங்க மச்சான்! வாங்க, வாங்க, உள்ள வாங்க! எதுக்கு வெளியிலயே நிக்கறீங்க? டிவியில பாட்டுப் போட்டுட்டான்! வாங்க மச்சான்... இதோ, இந்தச் சேர்ல உக்காருங்க. இல்ல, இதுல உக்காருங்க, காத்து நல்லா வரும். மச்சான், நாளைக்கு தாரணிக்கு உப்புச் சக்கரை மாத்தறோம். நீங்க இல்லாம எப்படிங்க? நீங்கதான் முன்னால நிக்கோணும். பட்டமும் நீங்கதான் கட்டோணும். வருவீங்கள்ல?

என்ன மச்சான், வானத்தைப் பாக்கறீங்க? மண்ணை எதுக்குப் பாக்கறீங்க? வாயைத் தொறந்து சொல்லுங்க.

கேட்டீங்களா அம்மிணி? 'கூப்புட்டா வருவோம்'ங்கறாரு! கூப்புட்டா வருவோம்! எவன் எழுதிக் குடுத்தான் இந்த மனுசனுக்கு?

ஏ பாவா, எதுக்குடீ இப்ப அழுவற? ஆமோஸு போய் எத்தனை நாளாச்சு. அட, காப்பியெல்லாம் அதுக்குள்ள எப்படிப் போட்டே? ரிமோட்டு வேற கையில வெச்சிருக்கறே, எங்க இருந்துச்சு அது? சரி சரி, சத்தத்தைக் கூட்டு.

அம்மிணி, நீங்க டிவி பாக்கறதில்லைன்னே எழுதிக்குங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மச்சானுக்கு மறைக்குது.